டீக்கடையில் கள ஆய்வு செய்வது எப்படி?

“பரோட்டாவா? வாரத்துக்கு ஒருநாள்தான்” என்பார் ஒருவர். அதே வாரத்தில் மூன்று சாயங்காலம் அவரைக் கடை பெஞ்சில் பார்க்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாடு பழக்கத்தில் ஓடுகிற காரியம், பழக்கத்தை யாரும் கணக்கு வைப்பதில்லை. அதனால்தான் உணவுப் பண்பாட்டை ஆராயும் மானுடவியலாளர்கள் கேள்வித்தாளை மட்டும் நம்புவதில்லை. மக்கள் சாப்பிடும் இடத்திலேயே வாரக்கணக்கில் இருந்து பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், பிறகுதான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு டீக்கடை மிக நல்ல களம்.

முதல் வேலை, கடைக்காரரிடம் சொல்வது. தினமும் வந்து எதையோ குறித்துக்கொள்கிற ஆளை உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்றோ வரிக்காரர் என்றோதான் நினைப்பார்கள். கல்லூரிக் கடிதத்தைக் காட்டி, எதை எழுதுவோம், எதை எழுத மாட்டோம் என்று பேச்சுவழக்கிலேயே விளக்க வேண்டும். கூட்ட நேரத்தில் பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. சொன்ன பிறகும் முதல் சில நாட்கள் மாஸ்டர் நமக்கு மட்டும் டிகாஷன் தூக்கலாக, கிளாஸை இன்னொரு தடவை கழுவித் தருவார். அது கடையின் வழக்கமல்ல, விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை. குறிப்பில் அப்படியே எழுதி, கணக்கெடுப்பைப் பிறகு தொடங்கலாம்.

அடுத்தது வரைபடம். கிராஃப் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்து, பாய்லர், கல்லா, வடைத் தட்டு, தண்ணீர் ட்ரம், பெஞ்ச், பேப்பர் கிடக்கும் இடம், கிளாஸ் கழுவும் வாளி எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். கடைக்கு வெளியே நான்கைந்து அடியையும் சேர்க்காவிட்டால் வரைபடம் பாதிதான். உள்ளே இடமிருந்தும் வெளியே நின்றே குடிப்பவர்கள் யார் என்பது அங்கேதான் தெரியும்.

நேரத் தேர்வில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தனக்கு வசதியான பதினோரு மணிக்கு மட்டும் போனால் அலுவலகக்காரர்களின் கடையாகத் தெரியும். விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் அதே கடை சுமைதூக்குவோர், துப்புரவுப் பணியாளர்களின் கடை. நாள் முழுவதும் உட்கார முடியாதவர்கள் ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். பிரியாணிக் கடையைப் புரட்டாசியில் மட்டும் பார்த்து “ஊரில் கறி சாப்பிடுவது குறைந்துவிட்டது” என்று எழுதினால் கட்டுரையே தப்பு. அமாவாசை, கார்த்திகையில் மாலை போடும் காலம், ரமலான் நோன்பு எல்லாம் அடுப்பில் தெரியும்.

குறிப்பேட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: கண்டது, கேட்டது, தோன்றியது. “மாஸ்டர் கோபமாக இருந்தார்” என்பது மூன்றாவது பத்திக்கு உரியது. “கிளாஸைக் கல்லில் ஓங்கி வைத்தார், பதில் சொல்லவில்லை” என்பதுதான் முதல் பத்திக்கு. கடையில் சொல் சொல்லாகக் கிறுக்கினால் போதும். அன்றிரவு தூங்குவதற்கு முன் விரித்து எழுதிவிட வேண்டும், ஒரு மணி நேரம் பார்த்ததை எழுதவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மறுநாளைக்குத் தள்ளினால் வரிசை மறந்துபோகும். யார் முதலில், யார் அடுத்து என்ற அந்த வரிசைதான் இந்த ஆய்வின் உயிர்.

கிளாஸை எடுத்துக்கொள்வோம். இரட்டைக் குவளை முறை நம் ஊர்களில் நடந்த கொடுமை. தலித் மக்களுக்குத் தனி கிளாஸ், சில இடங்களில் சிரட்டை, குடித்ததைக் கழுவி வைக்க வேண்டியதும் அவர்களே. உணவகத்தில் உள்ள பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரில் ஒருவருக்கு மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்று ஒரு கடையில் கண்ணாடி கிளாஸும் பேப்பர் கப்பும் இருக்கின்றன. கப் சுத்தத்துக்காகவா, பிரித்து வைக்கவா? கப்பை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. கேட்டு வாங்கியவர் யார், கேட்காமலே கப் நீட்டப்பட்டவர் யார், கிளாஸ் கேட்டால் கிடைத்ததா, வண்டியில் இருந்தபடியே குடிப்பவருக்குக் கப் போனதா என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் குறித்தால்தான் ஒழுங்கு தெரியும். வந்தவரின் சாதியை உடையையோ நிறத்தையோ வைத்து ஊகிப்பது பெரும்பிழை. ஊரில் பழகி, தலித் மக்களின் தெருவிலும் மற்றவர்களின் தெருவிலும் பேசிய பிறகே இந்தக் கணக்குக்குப் பொருள் வரும்.

ஆர்டர் போகும் பாதையும் இதே அளவு பேசும். 1940-களில் சிகாகோ உணவகங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் வில்லியம் ஃபூட் வைட், பரிமாறும் பெண்களுக்கும் சமையற்காரர்களுக்கும் நடந்த சண்டையைக் கவனித்தார். தகுதியில் கீழே வைக்கப்பட்டவர் மேலே இருப்பவரை வாய்விட்டு ஏவுவதுதான் உரசலுக்குக் காரணம் என்று கண்டார். ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்திவைத்த இடங்களில் உரசல் குறைந்தது. சமையற்காரர் தன் வசதிப்படி சீட்டை எடுத்துக்கொண்டார். நம் கடைகளில் கல்லாவில் காசு கட்டி டோக்கன் வாங்கும் முறையும் அந்த வேலையைச் செய்கிறது. டோக்கன் இல்லாத இடத்தில் சின்னப் பையன் “அண்ணே, ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சர்க்கரை கம்மி” என்கிறான். அந்த “அண்ணே” ஏவலை வேண்டுகோளாக்கிவிடுகிறது. பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த மாஸ்டரை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள்.

தொழிலாளர்களிடம் பேச மதியம் மூன்று மணி வாக்கில், வெங்காயம் உரிக்கிற நேரம் தோது. கல்லா அருகே வேண்டாம், அவர்கள் வேலைக்கே ஆபத்தாகலாம். “ஏன் இப்படிச் செய்றீங்க?” என்று கேட்டால் நமக்குப் பிடிக்கும் பதில்தான் வரும். “நேத்து கடை திறந்ததிலேருந்து என்னென்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேளுங்கள், விவரம் கொட்டும். அறிக்கையில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. “பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடை” என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஊர், திசை, கடை அடையாளம் மூன்றையும் மறைக்க வேண்டும், முகம் தெரியும் படம் கூடாது. எழுதி முடித்ததும், நம் முடிவுக்கு ஒத்துவராத நாட்களைக் குறிப்பேட்டிலிருந்து தனியே எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கே மறுபடி கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.