மலையகக் குளிரில் எத்தனோல் கலந்த பெற்றோல்

எத்தனோல் எனும் மதுசாரத்தை ஊற்றினால் என்ஜின் கெட்டுவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. பிரேசில் 1975ஆம் ஆண்டிலேயே கரும்பு எத்தனோலுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. முழுக்க எத்தனோலிலேயே ஓடும் கார்களும் அங்கு உண்டு. ஆனால் அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. நம் சாலைகளில் ஓடும், பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் காபரேட்டர் பொருத்திய ஆட்டோக்களும் பழைய மோட்டார் சைக்கிள்களும் அப்படிப்பட்டவையல்ல. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் எழுந்த "ஸ்பிரிட் (மதுசாரம்) கலந்து ஓட்டினால் என்ன?" என்ற கேள்வி கராஜில் இன்றும் ஓயவில்லை.

ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனோலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பெற்றோலுக்கென அளவிட்ட ஜெட் (காபரேட்டரில் எரிபொருள் வரும் நுண்துளை) வழியே எத்தனோல் கலவை வரும்போது, உள்ளே வரும் காற்றுக்கு எரிபொருள் போதாமல் என்ஜின் சூடேறுகிறது. இங்கேதான் மலை நம்மை ஏமாற்றுகிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைந்தது என்பதால், கொழும்பில் செற் செய்த காபரேட்டர் அங்கு பெற்றோலை மிகையாகவே கொடுக்கும். அந்த மிகை எத்தனோலால் வரும் பற்றாக்குறையை மூடிவிட, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று உரிமையாளர் நம்பிவிடுவார். அதே வண்டி கினிகத்தேனை இறங்கி, கித்துல்கலை தாண்டி, அவிசாவளைச் சமவெளியில் சுமையுடன் ஓடும்போது பற்றாக்குறை வெளிப்படும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் இளம் பழுப்பாக இருக்க வேண்டிய அதன் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். எத்தனோல் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. கலவையில் ஈரம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அதுவும் குளிர் கூடக் கூட விரைவாக, எத்தனோலும் நீரும் ஒன்றுசேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து தாங்கியின் அடியில் தங்கிவிடும். தை மாதத்து உறைபனி இரவு முழுவதும் வெளியே நின்ற வண்டி, காலையில் முதலில் உறிஞ்சுவது அடியில் தங்கிய அந்தப் படையைத்தான். தோட்டங்களில் பயன்படும், பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் இயந்திரத்திற்கு இது இன்னும் ஆபத்தானது: எண்ணெய் மேலே பெற்றோலோடு நின்றுவிட, அடியிலிருந்து வருவதில் வழுக்கல் போதாமல் பிஸ்டன் இறுகிவிடும்.

சந்தேகமிருந்தால், நெருப்பில்லாத திறந்த வெளியில், ஒடுங்கிய கண்ணாடிக் குப்பியில் 100 மில்லிலீற்றர் பெற்றோலுடன் 10 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வையுங்கள். தெளிந்ததும் அடியிலுள்ள படை 10ஐ விடக் கூடியிருந்தால் அதில் மதுசாரம் கலந்திருக்கிறது. எத்தனோல் தீப்பிடித்தால் அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

பிரிந்துவிட்ட கலவையின் மேல் புதிய பெற்றோலை ஊற்றிச் சமாளிக்கப் பார்ப்பது வீண். தாங்கியையும் காபரேட்டர் கிண்ணத்தையும் முழுமையாக வடித்து, ரப்பர் குழாய்களில் வீக்கமோ வெடிப்போ உண்டா என்று விரலால் அழுத்திப் பார்த்த பின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.