பெயர் வைக்காத பிள்ளைக்கும் ஒரு நாள் வேண்டும்

"தூக்கமே வர மாட்டேங்குதும்மா. டாக்டர்ட்ட சொல்லி ஒரு மாத்திரை வாங்கிக் குடுங்க." மாமியாரோ அம்மாவோ பெரும்பாலும் இப்படிச் சொல்லித்தான் அந்தப் பெண்ணைக் கூட்டி வருவார்கள். அவளோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் விஷயம் தெரியும். நிறைமாதத்தில் வயிற்றிலேயே குழந்தை இறந்திருக்கும், இல்லையென்றால் பிறந்து சில நாளில் போயிருக்கும். கூட வந்தவரிடம் கேட்டால், "அதைப் பேசினா அழுவாம்மா, மறக்கட்டும்னுதான் சொல்லல" என்பார். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மனநல ஆலோசகராக வேலை செய்யும் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அந்தத் தாய்க்கு அது உதவுவதில்லை.

அவள் மறப்பதில்லை. வீட்டில் யாரும் பேசாததால் தனியாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். வலி வந்த நாள், பிறந்த கிழமை, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி, இருந்திருந்தால் இன்றைக்கு எத்தனை மாதம் என்கிற கணக்கு எல்லாம் அவளிடம் இருக்கும். (இங்கே சொல்லும் அனுபவங்களில் யாரையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நடப்பது இதுதான். தாய் வார்டில் மயக்கம் தெளியாமல் கிடப்பாள். தகப்பனும் சித்தப்பனும் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வருவார்கள். முகத்தைப் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று அவளிடம் காட்டியே இருக்க மாட்டார்கள். "எங்க புதைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சொல்லல. கேட்டா எம்புருசன் எந்திரிச்சுப் போயிருவாரு" என்று ஒரு பெண் சொன்னாள். அவளுக்கு முகமும் இல்லை, இடமும் இல்லை. எதை நினைத்து அழுவது?

அதற்குப் பிறகு, மூன்றாம் நாள் வாக்கில் பால் சுரக்கும். குழந்தை இல்லையென்று உடம்புக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே அவளிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். பால் கட்டி, காய்ச்சல் அடித்து, சேலை நனைந்து அவள் பதறிப்போகிறாள். வீட்டுப் பெரியவர்கள் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பழைய கைமருந்து அது, செய்யலாம். ஆனால் துணியை இறுக்கிக் கட்ட வேண்டாம். குளிர்ந்த துணி வைக்கலாம், வலி குறையும் அளவுக்குக் கொஞ்சமாகப் பீய்ச்சலாம். பால் வற்றுவதற்கு டாக்டரிடம் மாத்திரை இருக்கிறது, கேளுங்கள்.

இனி நினைவு நாள் விஷயத்துக்கு வருகிறேன். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாளும் இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் தாய்மார்களுக்கு வேறொரு ஆறுதல் இருக்கிறது. பருவம் அடையும் முன் இறந்த பிள்ளை சொர்க்கத்தில் இப்ராஹீம் நபியின் பராமரிப்பில் இருக்கும் என்கிற நம்பிக்கை அது. ஆனால் பெண்கள் கபர்ஸ்தானுக்கு (அடக்கத்தலத்துக்கு) போவது பல ஊர்களில் வழக்கமில்லை. இந்துக் குடும்பங்களில்தான் இந்தத் தாய்க்கு இடமே இல்லாமல் போகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் எள்ளும் தண்ணீரும் இறைக்க எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் அவளிடம், "பல்லு முளைக்காத பிள்ளைக்குத் திதி கிடையாதும்மா" என்பார்கள். சாஸ்திரத்தை மாற்றச் சொல்லும் வேலை எனக்கு இல்லை. திதி இல்லாவிட்டாலும் ஒரு நாள் இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

அக்டோபர் 15 அப்படிப்பட்ட ஒரு நாள். கருவிலும் பச்சிளம் பருவத்திலும் இறந்த குழந்தைகளுக்காகப் பல நாடுகளில் அன்று மாலை 7 மணிக்கு, அந்தந்த ஊர் நேரப்படி, ஒரு மணி நேரம் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறார்கள். அமெரிக்காவில் 1988-இல் அதிபர் ரீகன் அக்டோபரை இந்த இழப்புக்கான மாதமாக அறிவித்தார். அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. குழந்தை பிறந்த தேதியாக இருக்கலாம், ஊர்க் கொடியேற்ற நாளாகக்கூட இருக்கலாம்.

என்னிடம் வந்த ஒரு தாய் வருசத்துக்கு ஒரு கவுன் தைக்கிறாள். இருந்திருந்தால் பிள்ளைக்கு இப்போது என்ன அளவோ, அந்த அளவில். தைத்து முடித்து, மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அங்கன்வாடியில் யாராவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள். காரணம் சொல்ல மாட்டாள். முதல் வருசம் அவள் மாமியார், "ஏன் இப்படிக் கிறுக்குத்தனம் பண்றா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அடுத்த வருசம் துணி எடுத்துக் கொடுத்ததே அந்த அம்மாதான். அந்த நாளில் அவள் அழுவாள், உண்மைதான். ஆனால் மற்ற நாட்களில் சமையலறையில் திடீரென்று உடைந்து உட்காருவது குறைந்திருக்கிறது என்று அவளே சொல்கிறாள்.

தகப்பன்களை நாம் கவனிப்பதே இல்லை. பிள்ளையை அடக்கம் செய்த கையோடு தொழிலுக்குப் போய்விடுவார்கள். கடலில் வலை வேலை இருக்கும்வரை ஓடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும், மனுசன் வீட்டில் இருப்பார். அப்போதுதான் குடி கூடும், கோபம் கூடும். "அவருக்கு வருத்தமே இல்லம்மா" என்று மனைவி சொல்வாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், அந்தத் துணி மூட்டை எவ்வளவு லேசாக இருந்தது என்பதை அவர் மறக்கவே முடியாமல் இருப்பார். புதைத்த இடத்தை மனைவிக்குக் காட்டுவது இருவருக்குமே நல்லது. எப்போது போவது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அடுத்து ஒண்ணு பெத்துக்கலாம்", "நல்லவேளை, பழகுறதுக்கு முன்னாடியே போயிருச்சு" என்ற இரண்டையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். "பிள்ளை யாரு மாதிரி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், "பாப்பா தூங்குது" என்று சொல்ல வேண்டாம். அப்புறம் அந்தப் பிள்ளை தூங்கவே பயப்படும். பாப்பா இறந்துவிட்டது, அதற்கு நீ காரணம் இல்லை என்று நேராகச் சொல்லலாம்.

மருத்துவமனையில் இருக்கும்போதே தாயிடம் கேளுங்கள்: பார்க்கிறாயா, தூக்குகிறாயா, ஒரு படம் எடுத்து வைக்கவா? வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் கேட்காமல் எடுத்துப்போகாதீர்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறந்து பிறந்த குழந்தையையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு தாய்க்கு அந்தத் தாள் மட்டுமே தன் பிள்ளை இருந்ததற்கான அடையாளமாக இருக்கலாம்.

நினைவு நாள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வேலை எதுவும் ஓடவில்லை, இழப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. நீடித்த துயரத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 'நானும் பிள்ளைகிட்டயே போயிடுறேன்' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தகப்பன்களும் கூப்பிடலாம்.