சுருக்கக்குறி: மருத்துவப் பதிவேட்டுக்கு ஏற்ற சொல் எது?

மருத்துவமனைகளில் 'அப்ரிவியேஷன்' என்று வழங்கும் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. அம்மொழியில் 'பிரெவிஸ்' என்றால் குறுகியது. அதிலிருந்து பிறந்த வினையே ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. தமிழில் இதற்குச் சுருக்கம், குறுக்கம், சுருக்கெழுத்து, அஃகுப்பெயர் எனப் பல சொற்களை ஆள்கிறார்கள். பொது எழுத்தில் எதை எழுதினாலும் பொருள் புரிந்துவிடும். மருத்துவப் பதிவேட்டைப் பற்றி எழுதும்போதுதான் ஒவ்வொன்றும் இடறுகிறது.

நோயாளி வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியைச் சுருக்கம் என்றுதான் தமிழில் சொல்வோம். இதய வால்வு குறுகிப்போவது குறுக்கம். இலக்கணத்திலோ ஐகாரக் குறுக்கம் போல எழுத்து தன் மாத்திரையில் குறைந்து ஒலிப்பது குறுக்கம். சுருக்கெழுத்து என்றவுடன் பேச்சை விரைந்து குறித்துக்கொள்ளும் கலையே நினைவுக்கு வரும். அஃகுதல் என்றால் சுருங்குதல். அஃகுப்பெயர் அழகான ஆக்கம்தான், ஆனால் மருந்துச்சீட்டில் சுருக்கப்படுபவை பெரும்பாலும் பெயர்களல்ல, வேளையும் அளவும் மருந்து செலுத்தும் வழியும். ஆகவே, சுருக்கி எழுதப்பட்டது என்பதையும் ஒன்றைக் குறித்து நிற்பது என்பதையும் சேர்த்துச் சொல்லும் 'சுருக்கக்குறி' என்பதே இவ்விடத்துக்குத் தக்கது என்று கருதுகிறேன்.

ஒரு குறிக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும் என்ற இதே அளவுகோலைப் பதிவேட்டில் உள்ள குறிகளின்மீது வைத்துப் பார்த்தால் அச்சமே மேலிடுகிறது. 'ஓ.டி.' என்று நம் மருத்துவர்கள் எழுதுவது 'ஓம்னி டியே' என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம். நாளுக்கு ஒருமுறை என்று பொருள். கண் மருத்துவத்தில் அதே 'ஓ.டி.' 'ஓக்குலஸ் டெக்ஸ்டர்', அதாவது வலது கண். கண் சொட்டு மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் இந்த இரண்டெழுத்து மட்டும் இருந்தால், எந்தக் கண்ணில் என்பதா, எத்தனை முறை என்பதா என்று மருந்துக்கடைக்காரர் எப்படி அறிவார்? 'எச்.எஸ்.' என்பதும் அப்படித்தான்: உறங்கும் வேளையில் என்று ஒருவர் எழுதியதை, பாதிச் செறிவு என்று இன்னொருவர் படிக்க இடமுண்டு.

எல்லாவற்றிலும் கொடியது இன்சுலின் அளவை எழுதும் முறை. யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் 'யு' என்ற ஓரெழுத்தை மட்டும் கையால் எழுதும்போது அதன் மேல்வாய் சற்றே கூடிவிட்டால் அது சுழியம் ஆகிவிடும். எழுதியது 4 யூனிட். ஊசியில் ஏறுவது 40. சர்க்கரை தாழ்ந்து நோயாளி நினைவிழக்க இந்த ஒரு கோணல் போதும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயிண்ட் கமிஷன், எழுதக்கூடாத குறிகள் என்று 2004-இல் வெளியிட்ட விலக்குப் பட்டியலில் இந்தக் குறி இடம்பெற்றது. 'எம்.எஸ்.' என்பதும் அதில் உண்டு; மார்ஃபின் சல்பேட், மக்னீசியம் சல்பேட் என்னும் இருவேறு மருந்துகளை அது ஒருசேரக் குறித்து நின்றதே காரணம். இவை போதாதென்று, இதய நோய்ப் பிரிவில் அந்த எழுத்துகள் ஈரிதழ் வால்வின் குறுக்கத்தையும் குறிக்கின்றன.

சுருக்கி எழுதுவது நமக்குப் புதிதல்ல. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று ஓலையிலும் கணக்கேட்டிலும் பழைய பத்திரங்களிலும் எழுதி வந்தோம். இவை ஒவ்வொன்றும் தனி வடிவம் பெற்று, ஒரு பொருளுக்கென்றே நின்றன. இலத்தீன் முதலெழுத்துகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ஒரே எழுத்து எத்தனையோ சொற்களுக்கு முதலெழுத்தாக வரும்.

இதற்காகச் சுருக்கக்குறிகளை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. இ.சி.ஜி. என்பதை விரித்து எழுதினால்தான் பலருக்குப் புரியாமற்போகும். மருத்துவமனை ஏற்ற குறிகளுக்கு ஒரு பட்டியல், விலக்கியவற்றுக்கு ஒரு பட்டியல் என வகுத்து, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மூவர் கையிலும் ஒரே படி இருக்கச் செய்யலாம். மருந்தின் பெயரை எக்காரணத்தாலும் சுருக்கக்கூடாது. நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்திலும் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் தாளிலும் குறிகளே வேண்டாம். அங்கே 'வலது கண்ணில் ஒரு சொட்டு, இரவு படுக்கும் முன்' என்று முழுமையாக எழுதித் தர வேண்டும்.