மண் கொட்டி மேடாக்குவது வடிகால் ஆகாது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, வீட்டுத் தோட்டத்தை வந்து பார்க்கும்படி என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் மழைநீர் வீட்டுக்குள் புகுகிறது என்ற ஒரே துன்பத்தைத்தான் சொல்கிறார்கள். அண்மையில் சென்னை மடிப்பாக்கத்தில் பார்த்த வீடும் அப்படிப்பட்டதே. தெருவில் புதிய சாலை போட்டபோது அதன் மட்டம் உயர்ந்துவிட்டது. வீட்டைச் சுற்றியிருந்த மண்தரை பள்ளமாகிவிட்டதே என்று கவலைப்பட்ட உரிமையாளர், லோடு லோடாகக் கிராவல் மண்ணை இறக்கி, அதன்மேல் பேவர் பிளாக் பதித்து, ஓரங்களில் கொரியன் புல்லும் விரித்தார். வேலையை ஒப்புக்கொண்டவர் செடி விற்பவர். மண்ணைப் பரப்பியவர்கள் அவர் அழைத்து வந்த ஆட்கள். அவர்களில் ஒருவர்கூட மட்டம் பார்க்கவில்லை. அடுத்த பெருமழையில் நீர் கூடத்துக்குள் புகுந்தது, சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள குடிநீர்த் தொட்டியில், சேற்றுநீர் கலந்தது, உட்சுவர்களில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் (ஈரக்கசிவு) ஏறிப் பெயின்ட் உரிந்தது. இதே கதையை இத்தனை வீடுகளில் பார்த்த பிறகும் எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நீர் நிற்கும் இடத்தில் மண்ணைக் கொட்டினால் நீர் போய்விடும் என்ற நம்பிக்கையைப் போல வீடுகளைக் கெடுத்த நம்பிக்கை வேறொன்றை நான் கண்டதில்லை. கொட்டிய மண் நீரை எங்கும் அனுப்புவதில்லை. அது நின்றிருந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த நீர் அடுத்த தாழ்வான இடத்தைத் தேடிப் போகும், பல வீடுகளில் அந்தத் தாழ்வான இடம் வீட்டின் உட்தரையாகவே இருக்கிறது. ஒரு கிரவுண்டு மனை என்பது 2400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் நீர். ஐந்து சென்டிமீட்டர் மழை, சென்னையில் அது ஒரு மாலைப்பொழுதிலேயே பெய்யக்கூடும், உங்கள் மனைமீது மட்டும் பதினோராயிரம் லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஒரு பெரிய தண்ணீர் லாரியை நிறைக்கச் சற்றுத்தான் குறையும். 2015 டிசம்பர் முதல் நாள் மழையில் தாம்பரத்தில் பதிவான 49 சென்டிமீட்டரை இதே கணக்கில் பார்த்தால் ஒரு இலட்சம் லிட்டரைத் தாண்டும். இவ்வளவு நீரும் எந்த வழியாக எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட மனைக்குள் கொண்டுவரக் கூடாது.

கிராவல் மண் நீரைக் குடித்துவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சாலைக்கு அடித்தளமாக அதைப் பயன்படுத்துவதே, தட்டினால் இறுகி அசையாமல் நிற்கும் என்பதால்தான். அதை மனை முழுவதும் பரப்பி, நீர் தெளித்து, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கிய பிறகு அதிலிருந்து உறிஞ்சும் தன்மையை எதிர்பார்ப்பதில் பொருளே இல்லை. லோடு மண் என்ற பெயரில் கட்டட இடிபாடு வந்து இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். அதில் புல்லும் பிழைக்காது.

தரையை உயர்த்தும்போது எதை மூடுகிறோம் என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. வீட்டின் பிளிந்த், அதாவது அடித்தளத்தின் மேல்மட்டம், சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. ஓதம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கும் அந்த மட்டத்தில்தான் பெரும்பாலும் போடப்படுகிறது. ஓரடி மண்ணைக் கொட்டினால் எஞ்சுவது அரையடி. அதன்மேல் மணல் படுகையும் பேவர் பிளாக்கும் வந்து, சுவரோரமாகச் செடிக்கென்று எருமண்ணும் குவித்தால் அந்த அரையடியும் போய்விடும். அதன் பிறகு ஈரமண் நேரடியாகச் செங்கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். எத்தனை முறை வாட்டர்புரூஃப் பூச்சு அடித்தாலும் உள்ளே உப்புப் பூத்துக்கொண்டேதான் இருக்கும். சுவரை ஒட்டிய பூப்பாத்தி வேண்டாம் என்று நான் சொல்லும்போது பலர் முகம் வாடுகிறார்கள். இரண்டடி தள்ளி வையுங்கள், செடிக்கும் அதுவே நல்லது.

சம்ப் மூடியும் அப்படித்தான். கட்டியபோது தரையிலிருந்து உயர்ந்து நின்ற மூடி, தரை உயர்ந்த பிறகு அதே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. முற்றத்து நீர் குடிநீரோடு கலந்து வீட்டில் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் வரும்போது அதைத் தோட்ட வேலையோடு யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. தரையை உயர்த்தியே ஆக வேண்டிய வீடுகளில் முதலில் சம்ப்பின் கழுத்தை உயர்த்திக் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

மரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த வேம்பின் அடியிலோ மாமரத்தின் அடியிலோ ஓரடி மண்ணை ஏற்றினால், மேல்மட்டத்து வேர்களுக்குக் காற்று கிடைக்காமல் போகிறது. மண்ணுக்குள் புதைந்த பட்டை அழுகுகிறது. மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் நுனிக்கிளைகள் காயத் தொடங்கும், பிறகு ஒரு புயற்காற்றில் சாயும். அதற்குள் மண் கொட்டியது எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

சாலை உயர்ந்தால் வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் 2021-இலேயே அறிவுறுத்தியிருக்கிறார். சாலைப் பணி தொடங்கும் நாளில் தெருவாசிகள் சேர்ந்து நின்று அதைக் கேட்டுப் பெறுங்கள், வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். சாலை போட்டு முடித்த பிறகு என்னிடம் வந்து முறையிடுவதால் எந்தப் பயனும் இல்லை. ஏற்கெனவே உயர்ந்துவிட்டதென்றால், தெரு நீர் உள்ளே வராதபடி வாயிற்படியில் மட்டும் ஒரு சிறு மேடும், உட்புற நீரைச் சேர்க்க ஒரு தொட்டியும், அதிலிருந்து வெளியேற்ற ஒரு மோட்டாரும் வைப்பது, மனை முழுவதையும் மண்ணால் நிரப்புவதைவிடப் பல இடங்களில் மலிவாகவும் பாதுகாப்பாகவும் முடிகிறது.

மற்றதெல்லாம் வாட்டம்தான், அதாவது தரையின் சரிவுதான். வீட்டுச் சுவரிலிருந்து முதல் பத்தடிக்கு அரையடி இறக்கம் இருந்தால் மண்தரைக்குப் போதும். கல் பதித்த தரைக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஐம்பதடிக்கு ஓரடி இறக்கம் கொடுங்கள், நூறுக்கு ஒன்றுக்குக் குறையவே கூடாது. அனுபவமுள்ள கொத்தனார் நீர் நிரப்பிய டியூப் லெவல் குழாயை வைத்தே இதைத் துல்லியமாகக் கொண்டுவந்துவிடுவார். கண்ணளவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள்.

நீரை நிலத்துக்குள் இறக்குவதில் மண்ணின் குணத்தை அறியாமல் செய்யும் செலவு வீண். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது ஊர் முழுவதும் ஒரே அளவில் குழி தோண்டி, செங்கல் ஜல்லியைப் போட்டு மூடினார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் அது நன்றாக வேலை செய்தது. அண்ணா நகர், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதிகளில் அதே குழி ஒரு மழைக்கே நிரம்பி, வடியாமல் நிற்கும். அங்கெல்லாம் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும் ஆழத்துக்கு உறைகிணறு இறக்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பகுதிகளிலோ கார்த்திகை மாதத்தில் நிலத்தடி நீரே தரைமட்டத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. அப்போது எந்தக் குழியும் நீரை வாங்காது, உபரிநீர் வெளியேற ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். உங்கள் மண் எப்படிப்பட்டது என்பதை நீங்களே அறியலாம். ஓரடி ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி முழுவதும் வடியவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இறங்கினால் உங்கள் தோட்டம் தானாக நீரை விழுங்கும் என்று நம்ப வேண்டாம். குழி எதுவானாலும் அஸ்திவாரத்தையும் செப்டிக் டேங்கையும் ஒட்டித் தோண்டாதீர்கள். நீர் இறங்கும் முன் சேறு தங்குவதற்கு ஒரு சிறிய தொட்டி கட்டி, ஐப்பசிக்கு முன் அதைத் தூர்வாருங்கள்.

பேவர் பிளாக்கின் இடுக்குகள் வழியாக நீர் இறங்கிவிடும் என்பதும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இறுக்கிப் பதித்த கற்களின் இடுக்கில் ஓர் ஆண்டுத் தூசி அடைந்துவிட்டால் அது கிட்டத்தட்டச் சிமென்ட் தரைதான். கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் பதியுங்கள். மற்ற இடத்தை மண்ணாக விடுங்கள், மனையில் மூன்றில் ஒரு பங்காவது திறந்த மண்ணாக இருக்கட்டும் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கெஞ்சாமல் கண்டித்தே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மழைநீரைப் பாதாளச் சாக்கடைக் குழாயில் இணைக்காதீர்கள், மழையின்போது ஆள்நுழைவுக் குழி மூடியைத் திறந்து முற்றத்து நீரை அதில் தள்ளாதீர்கள். அந்தக் குழாய்கள் கழிவுநீருக்காக மட்டுமே அளவிடப்பட்டவை. நீங்கள் தள்ளும் நீர் தெருவின் தாழ்ந்த கோடியில் இருக்கும் வீட்டின் கழிப்பறை வழியாகக் கழிவோடு மேலே வருகிறது. அந்த வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். மழைநீருக்கு உரியது மழைநீர் வடிகால், அதுவும் உபரிக்கு மட்டும்.

இனி, வேலையை யாரிடம் கொடுப்பது என்பது. நர்சரி நடத்துபவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்தச் செடி எந்த வெயிலில் நிற்கும் என்பதை அவர்களிடமிருந்து நானே கற்றிருக்கிறேன். ஆனால் செடியை அறிவதும் நீரின் ஓட்டத்தைக் கணக்கிடுவதும் வெவ்வேறு தொழில்கள். பெரிய மனை, பண்ணை வீடு, அடுக்ககத் தோட்டம் என்றால் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டை அழையுங்கள். கட்டடக்கலைப் பட்டத்துக்குப் பிறகு நிலவடிவமைப்பில் முதுநிலை படித்தவர்கள் அவர்கள்; அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்யாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள முடியாது; ஆனால் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு அந்தத் தடை பொருந்தாது. அதனால் படித்த பட்டத்தையும், இருந்தால் பதிவு எண்ணையும் கேளுங்கள், உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு கிரவுண்டு வீட்டுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பதே என் கருத்து. லெவல் கருவியோடு வந்து அரை நாளில் மனை முழுவதையும் அளந்து தரும் ஒரு சிவில் பொறியாளரும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் தோட்டக்கலை படித்த ஒருவரும் சேர்ந்தால் போதும்.

யாராக இருந்தாலும், விலை பேசும் முன் எழுதி வாங்க வேண்டியது மட்டங்கள் குறித்த வரைபடம். பிளிந்த், சம்ப் மூடி, சாலை, வடிகாலின் அடிமட்டம் ஆகிய நான்கும் அதில் எண்களாக இருக்க வேண்டும், நீர் செல்லும் திசை அம்புக்குறிகளாக இருக்க வேண்டும். குழியும் குழாயும் நிரம்பிய பிறகு வரும் நீர் எங்கே போகும் என்று கேளுங்கள். பக்கத்து மனைக்கு என்பது விடையானால், அவரும் அடுத்த ஆண்டு மண் கொட்டுவார். முப்பரிமாணப் படங்களில் மயங்க வேண்டாம். அவர் செய்து இரண்டு மழைக்காலம் கண்ட ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். தோட்ட விளக்குகளுக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாகப் போட மறுப்பவரிடம் எந்த வேலையையும் கொடுக்காதீர்கள். தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிர் போவது இந்த நகரில் புதிதல்ல.

இறுதித் தவணையைக் கொடுக்கும் முன், புல் விரிப்பதற்கும் முன், மொட்டை மாடிக் குழாயிலிருந்தும் தரையின் மேட்டுப் பகுதியிலிருந்தும் அரை மணி நேரம் நீரைத் திறந்துவிட்டு உடன் நின்று பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சுண்ணாம்பால் வட்டம் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். இவற்றையெல்லாம் செய்ய வேண்டிய காலம் பங்குனி முதல் ஆடி வரை. ஐப்பசியில் மண் நனைந்த பிறகு அழைத்தால் என்னால் மோட்டார் வைத்து நீரை இறைக்கத்தான் உதவ முடியும். மட்டத்தைத் திருத்தும் வேலை தை பிறந்து தரை காயும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.