சாடோ: சடங்கா, நெறியா?

விருந்தாளிக்கு முறைப்படி தேநீர் கலந்து தரும் ஜப்பானிய 'டீ செரிமனி'யை அப்படியே பெயர்த்துத் 'தேநீர்ச் சடங்கு' என்று எழுதிவிடுகிறோம். சிலர் 'தேநீர் விழா' என்கிறார்கள். ஜப்பானியர் சொல்வது சாடோ. 'சா' என்றால் தேநீர், 'டோ' என்றால் வழி. ஜூடோவில் வரும் அதே டோதான். (தேநீருக்கான எழுத்தை அவர்கள் 'ஸா' என்றும் படிப்பார்கள், 'ச்சா' என்றும் படிப்பார்கள். நமக்கு ஒரு 'சா' போதும்.)

அன்றாடம் குடிப்பது வேறு. அது ஒச்சா, முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைக்கு. இலையை ஊறவிட்டு வடித்த சென்சா, வறுத்த ஹோஜிசா, தெருமுனை இயந்திரத்தில் காசு போட்டு எடுக்கும் பச்சைத் தேநீர் பாட்டில் எல்லாம் ஒச்சாதான். இதைக் குடிக்க யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை.

சாடோவுக்குப் பாடம் உண்டு, அதுவும் ஆண்டுக்கணக்கில். அங்கே இலையை ஊறவைப்பதில்லை. சுமார் 2 கிராம் மட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கிலை மெல்லிசாகக் கீறிச் செய்த குட்டி மத்தால் நுரைக்க அடிப்பார்கள். கிண்ணத்தின் அழகான முகப்பில் வாய் படக்கூடாதென்று விருந்தாளி அதைச் சற்றுத் திருப்பிவிட்டுத்தான் குடிப்பார்.

இந்த வழியைச் செதுக்கியவர்களில் முதன்மையானவர் சென் நோ ரிக்யூ (1522–1591). கியோட்டோ அருகே அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் 'தையான்' தேநீர் அறையில் விருந்தாளிக்கும் உபசரிப்பவருக்கும் சேர்த்தே இரண்டு பாய் இடம்தான். அதைப் போய் 'விழா' என்றால் எப்படி? 'சடங்கு' என்றாலோ நம் ஊரில் மஞ்சள் நீராட்டுதான் நினைவுக்கு வரும். 'டோ'வை விடாமல் பிடிப்பது 'தேநீர் நெறி'. என் ஓட்டு அதற்குத்தான்.

சாடோவின் பழைய பெயர் இன்னும் எளிது: சா-நோ-யு. 'யு' என்பது வெந்நீர். பச்சைத் தண்ணீருக்கு 'மிசு' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆக, 'தேயிலையின் வெந்நீர்'. நம் தே + நீரும் ஏறக்குறைய அதுதானே! சீனத்தின் ஒரே சொல், ஹொக்கியன் பேச்சில் 'தே'யாகி நம்மிடம் வந்தது. ஜப்பானியரிடம் 'சா'வாகப் போனது.

இரண்டு தேநீருக்கும் உள்ள தூரத்தை ஒரு மரபுத்தொடர் காட்டிக்கொடுக்கிறது: 'ஒச்சா ஒ நிகொசு', அதாவது தேநீரைக் கலங்கடித்தல். முறை தெரியாதவர் ஏதோ கலக்கிப் பச்சைக் கலங்கலாக்கி, மட்சா போலக் காட்டித் தப்பிப்பாராம். இன்று, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுகிறவர் செய்வதும் அதுவே. தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம்: மழுப்புதல்.