துறைப் பெயரை நம்பி நெறியாளரைத் தேடாதீர்கள்

முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் துறைப் பெயரை மட்டும் பார்த்து, ஆய்வை வழிநடத்தும் நெறியாளரிடம் போய் நிற்கிறார்கள். நாகமலைப் பக்கம் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகமானாலும், நகரத்துக் கல்லூரிகளின் ஆய்வு மையங்களானாலும் நடக்கும் தவறு ஒன்றுதான். 'தமிழ்த்துறை' என்ற ஒரே பலகைக்குக் கீழே ஒருவர் சங்க இலக்கியம் பார்ப்பார், இன்னொருவர் சுவடிப் பதிப்பு, வேறொருவர் நாட்டார் வழக்காறு, மற்றொருவர் மொழியியல். சுவடி படித்துப் பழகாதவரிடம் பதிப்புத் தலைப்பைக் கொண்டுபோனால், பாட வேறுபாட்டில் (ஒரே நூலின் சுவடிகளுக்கு இடையே சொற்கள் மாறும் இடங்களில்) நீங்கள் செய்யும் பிழை வாய்மொழித் தேர்வு வரைக்கும் பிடிபடாது.

கீழடியைப் பாருங்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தைப் படிப்பவர் கல்வெட்டறிஞர். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. 580 என்று காலம் கிடைத்தது அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் கார்பன் கணிப்பில். கிடைத்த எலும்பு மாட்டினதா ஆட்டினதா என்று பிரிப்பது விலங்கியல் வேலை. பக்கத்துக் கொந்தகை ஈமக்காட்டு எலும்பில் டி.என்.ஏ. தேடுவது மரபியல். எல்லாம் ஒரே தொல்லியல் தளம்தான். ஆனால் எழுத்தைப் படிப்பவரால் எலும்பு ஆய்வேட்டைத் திருத்த முடியாது.

ஆகவே, நேரில் பார்ப்பதற்கு முன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'ஷோத்கங்கா' இணையதளத்தில் நெறியாளர் பெயரைப் போட்டு, அவரிடம் கடைசியாக முடித்த நான்கைந்து ஆய்வேடுகளை இறக்கிப் பாருங்கள். தலைப்பு ஏமாற்றும், ஆய்வு முறையியல் இயலைப் படியுங்கள். எல்லாமே வினாநிரல் கணக்கெடுப்பாக இருந்தால் அவருடைய பலம் அதுதான். அறிவியல் துறையென்றால் உங்களுக்கு வேண்டிய கருவி அங்கே ஓடுகிறதா, மாதிரியை வெளியே அனுப்பினால் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்விகள் அல்ல இவை.

இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. படிப்புக்காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. நடுவில் நெறியாளரை மாற்றினால் தலைப்பும் பெரும்பாலும் மாறும், ஓடிய காலம் திரும்பாது. தலைப்பு இரண்டு துறையைத் தொடுகிறதென்றால் முதல் நாளே இணை நெறியாளரைக் கேளுங்கள்.

"சார், நீங்க எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பண்றேன்" என்ற ஒரு வாக்கியம்தான் அதிகம் கெடுக்கிறது. அதற்குப் பதில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: உங்கள் கேள்வி, தரவு எங்கே இருக்கிறது, எந்த முறை, அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறீர்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர் இருவரைப் பார்த்து, கொடுத்த இயல் திருத்தத்தோடு திரும்பி வர எத்தனை வாரம் ஆகிறது என்றும் விசாரியுங்கள்.