ஹோம் ஃப்ரண்ட்டுக்குத் தமிழ் "உள்நாட்டு முன்னணி"யா?

போன வாரம் வீட்ல ரெண்டாம் உலகப்போர் பத்தின ஒரு டாக்குமெண்டரிய தமிழ் டப்பிங்ல பாத்துட்டு இருந்தோம். லண்டன்ல குண்டு விழுது, தெருத்தெருவா எரியுது, பின்னாடி குரல் குடுக்குறவர் "பிரிட்டனின் உள்நாட்டு முன்னணி கடும் விமர்சனத்துக்கு உள்ளானது"ங்கறார். பக்கத்துல அக்கா பொண்ணு, பிளஸ் ஒன் படிக்கிறா, "அது எந்தெந்த கட்சி சேந்த முன்னணி மாமா?"ன்னு கேட்டா. அவ கேட்டதுல ஒரு தப்பும் கிடையாது, தமிழ் தெரிஞ்ச யாருக்கும் அப்படித்தான் புரியும். இதே சொல்ல பாடப் புத்தக நோட்ஸ்ல, பேப்பர்ல, யூடியூப் வீடியோவுலன்னு எத்தன தடவ பாத்தாச்சு, இனிமே பொறுக்க முடியாதுன்னுதான் எழுதுறேன்.

ஆங்கிலத்துல ஹோம் ஃப்ரண்ட்ங்கறதத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்காங்க. அந்த ஃப்ரண்ட்டோட வேர் லத்தீன், அங்க ஃப்ரோன்ஸ்னா நெத்தி. பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்து முகப்பு, முன்பக்கம்னு ஆகி, அப்புறம் எதிரிக்கு நேரா நிக்கிற படை வரிசை, கடைசியில அந்த வரிசை நிக்கிற இடம்னு ஆயிருச்சு. முதல் உலகப்போர்ல நாடே சேந்து போருக்கு உழைக்க வேண்டி வந்தப்ப முன்னாடி ஹோம் ஒட்டிக்கிச்சு. படையில சேராம ஊர்ல இருக்குற ஜனங்களோட வேலை, சாப்பாடு, பாதுகாப்பு, அதையெல்லாம் அரசாங்கம் எப்படி நடத்துதுங்கறது, இது அத்தனையும் சேந்ததுதான் ஹோம் ஃப்ரண்ட். பிறப்பு இவ்வளவுதான், இப்ப முன்னணிக்கு வருவோம்.

முன்னணிங்கறது முன் கூட்டல் அணி, படையோட முதல் வரிசை, அப்ப அதுவும் போர்ச் சொல்தானேன்னு சொல்றாங்க. உண்மைதான். ஆனா அது ஆளுங்களக் குறிக்கிற சொல். கொடிப்படை, தூசிப்படைன்னு பழைய நூல்கள்ல வர்ற அதே ஆளுங்க, முதல்ல போறவங்க. ஃப்ரண்ட் இங்க ஆளுங்க இல்ல, இடம். அதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே போர்முனைன்னு அருமையான சொல் இருக்கு, பேப்பர்ல "போர் முன்னணியில் குண்டு வீச்சு"ன்னு பாத்ததா எனக்கு ஞாபகமில்ல, போர்முனைன்னுதான் பாத்திருக்கேன். ஹோம்னு ஒண்ணு முன்னாடி வந்த உடனே மட்டும் முனை ஏன் முன்னணியா மாறணும்? அதுவும் இன்னிக்கு முன்னணின்னா என்ன? ஐக்கிய முன்னணி, தேசிய முன்னணி, முன்னணி நடிகர், ஓட்டு எண்ணும்போது முன்னணி நிலவரம். அந்தச் சொல்லு வேற வேலைக்குப் போயிருச்சு, அதத் திருப்பிக் கூப்பிட முடியாது.

இன்னும் பெரிய சேதம் என்னன்னா, அந்த விமர்சனமே காணாமப் போயிருது. உள்நாட்டு முன்னணி விமர்சனத்துக்கு உள்ளாச்சுன்னா யாரு யார எதுக்குத் திட்டுனாங்கன்னு ஒண்ணும் தெரியல. நடந்தது என்னன்னு பாருங்க. 1940 செப்டம்பர் 7ல லண்டன் மேல தொடர் குண்டு வீச்சு ஆரம்பிக்குது. அரசாங்கம் அதுக்கு முன்னாடியே ஆண்டர்சன் ஷெல்டர்னு தகரக் கொட்டகை குடுத்துச்சு, தோட்டத்துல குழி தோண்டிப் பதிக்கணும். கிழக்கு லண்டன்ல கப்பல்துறைத் தொழிலாளிங்க நெருக்கியடிச்சு வாழுற தெருவுல தோட்டத்துக்கு எங்க போறது? பூமிக்கடியில ஆழமா சுரங்கம் வெட்டிக் குடுங்கன்னு விஞ்ஞானி ஹால்டேன் (பின்னாடி இந்தியாவுக்கே வந்து புவனேஸ்வர்ல இறந்தாரே, அவர்தான்) போருக்கு முன்னாடியே எழுதிக் கத்திப் பாத்தார். செலவு, நேரம்னு காரணம் சொன்னாங்க, உள்ள போன ஜனங்க வேலைக்குத் திரும்பி வரமாட்டாங்கன்னும் பயந்தாங்க. ட்யூப்ங்கற பாதாள ரயில் ஸ்டேஷனக்கூட முதல்ல திறந்து விடல. ஜனங்க டிக்கெட் எடுத்துட்டு உள்ள போயி வெளிய வராம படுத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம்தான் அரசு எறங்கி வந்துச்சு. செப்டம்பர் 10 விடிகாலையில கேனிங் டவுன்ல சவுத் ஹால்ஸ்வில் ஸ்கூல்ல வீடிழந்து பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டு இருந்தவங்க மேலயே குண்டு விழுந்துச்சு, அரசு கணக்குல 77 பேர், ஊர்க்காரங்க அதவிடப் பல மடங்குன்னு இன்னிக்கும் சொல்றாங்க. நாலு நாள் கழிச்சு கிழக்கு லண்டன்ல இருக்குற ஸ்டெப்னியோட கவுன்சிலர் ஃபில் பிராட்டின் ஒரு கூட்டத்தக் கூட்டிட்டு சவாய் ஹோட்டல் ஷெல்டருக்குள்ளயே போயி உக்காந்துட்டார், பணக்காரன் தூங்குற இடத்துல எங்க புள்ளைங்களும் தூங்கட்டும்னு. இதுதாங்க அந்த விமர்சனம். அக்டோபர்ல உள்துறை மந்திரி ஜான் ஆண்டர்சன மாத்தி ஹெர்பர்ட் மாரிசனக் கொண்டு வந்தாங்க. இத்தனையும் அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள இருக்கு, நம்மாளு அத ஒரு கூட்டணி ஆக்கிட்டார்.

சரி, முன்னணி வேணாம்னா உள்நாட்டுப் போர்முனைன்னு வெச்சுக்கலாமான்னா அது இன்னும் மோசம், உள்நாட்டுப் போர்னு காதுல விழுந்துரும், பிரிட்டன்ல அப்ப சிவில் வார் நடந்துச்சான்னு அடுத்த கேள்வி வரும். வீட்டுமுனைன்னா மனைக்கட்டு ஞாபகம் வருது. ஊர்முனைன்னா தெருமுனை மாதிரி ஊர் முடியிற இடம்.

தூய தமிழ் ஆர்வலர் சிலர் பின்களம்னு ஒண்ணு சொல்றாங்க. கேக்க அழகா இருக்கு, சுத்தத் தமிழ், நானும் அந்தப் பக்கம்தான், ஆனா இத ஏத்துக்க மாட்டேன். ஏன்னா ஹோம் ஃப்ரண்ட்ங்கற சொல்லு பொறந்ததே ஜனங்க பின்னாடி இல்லன்னு சொல்றதுக்குத்தான். 1940 செப்டம்பர்ல இருந்து 1941 மே வரைக்கும் நாப்பதாயிரத்துக்கு மேல பொதுஜனம் செத்திருக்கு பிரிட்டன்ல. சமையக்கட்டுல நின்ன பொம்பள எந்தப் பின்களத்துல இருந்தா? பின்னுன்னு சொன்னா இந்த வாதத்துக்குத்தான் போயி நிப்போம், சிப்பாய்க்கு முதல்ல, உனக்கு அப்புறம்னு. சொல்லு சுத்தமா இருந்தா பத்தாது, பொருள் நேரா இருக்கணும்.

என் சொல் ஊர்க்களம். களம்னா போர்க்களம், களம்னா நெல்லடிக்கிற இடமும். போர்னா சண்டை, போர்னா வைக்கோல்போரும்தான். தொல்காப்பியத்துலயே ஏரோர் களவழி, தேரோர் களவழின்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கு, உழவன் களமும் வீரன் களமும் ஒரே மூச்சுல. புறநானூறு 35ல வெள்ளைக்குடி நாகனார்ங்கற புலவர் சோழன் கிள்ளிவளவன்கிட்ட சொல்றாரு பாருங்க, பொருபடை (சண்டை போடுற படை) கொண்டு வர்ற வெற்றி உழுபடை (ஏர்) விளைச்சதோட பயன்தான்னு. நிலவரி பாக்கிய ஒழிச்சுக் குடுன்னு கேக்கப் போன எடத்துல சொன்னது அது, ராஜாவும் அந்த பாக்கிய தள்ளுபடி பண்ணிட்டான். போர் பண்ற அரசன் முன்னாடி நின்னு உன் உள்ளூர் கொள்கை சரியில்லன்னு சொல்றதுக்கு நம்ம மொழியில இவ்வளவு பழைய பாட்டே இருக்கும்போது நாம அகராதியப் பொரட்டி முன்னணிய எடுத்துட்டு வர்றோம், அதுதான் எனக்குத் தாங்கல.

ஊர்க்களம்னா கிராமத்துப் பொதுக்களம்னு நெனச்சுக்க மாட்டாங்களான்னு ஒரு நண்பர் கேட்டார். தனியா பாத்தா நெனைக்கலாம். "போர்க்காலத்து ஊர்க்களம்"னு முதல் தடவ எழுதிட்டு அப்புறம் ஊர்க்களம்னு மட்டும் போடுங்க, குழப்பம் வராது. "ஊர்க்களத்தை அரசு கைவிட்டுவிட்டது என்று கிழக்கு லண்டன் மக்கள் குற்றம் சாட்டினர்"னு அந்த டப்பிங்ல வந்திருந்தா அந்தப் பொண்ணு என்னைய ஒண்ணும் கேட்டிருக்க மாட்டா.

ஊர்ங்கறதுல இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கிட்டு வருது, யாரோட ஊர்? அதே லண்டன் போர் அமைச்சரவைதான் வங்காளத்துக்கும் பொறுப்பு. 1942ல ஜப்பான்காரன் கையில சிக்கக் கூடாதுன்னு பத்து பேருக்கு மேல ஏத்துற படகையெல்லாம் பறிச்சாங்க, கடலோர ஜில்லாக்கள்ல நெல்ல அப்புறப்படுத்துனாங்க, இருந்த அரிசியில கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கு முன்னுரிமை, தானியம் கொண்டு வர கப்பல் கேட்டா போதுமான கப்பல் தரல. 1943 பஞ்சத்துல 20ல இருந்து 30 லட்சம் பேர் செத்தாங்கன்னு கணக்கு சொல்றாங்க. பிரிட்டன்ல 1940 ஜனவரியிலயே ரேஷன் போட்டு ஆளாளுக்கு வெண்ணெய் அளந்து குடுத்த அரசுதான் இது. ஹோம் ஃப்ரண்ட் பத்தின புத்தகங்கள்ல பெரும்பாலும் வங்காளம் வர்றதே இல்ல, அவங்க ஹோம்ல நாம இல்ல. உள்நாடுன்னு மொழிபெயர்த்தா அந்தக் கோட்ட நாமளும் அப்படியே போட்டுக் குடுக்குறோம். ஊர்னு சொன்னா வங்காளத்து மிட்னாப்பூரும் ஊர்தான், ஸ்டெப்னியும் ஊர்தான்.

மொழிபெயர்க்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அகராதியில முதல்ல வர்ற பொருள எடுத்து ஒட்டாதீங்க. போர்ல பொதுஜனம் சாகுறதச் சொல்ற கொலாட்டரல் டேமேஜ இணைச் சேதம்னு எழுதி, செத்த ஜனத்த ஏதோ பார்சல் ஒடஞ்ச மாதிரி ஆக்குறீங்க. ரேஷனிங்க பங்கீடுன்னு ஒருத்தர் சொன்னாரே, அது எவ்வளவு தெளிவு, எடுத்த எடுப்புல எல்லாருக்கும் புரிஞ்சுது. அந்த மாதிரி யோசிக்க ஒரு பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

எழுதும்போது நடுவுல க் விட்டுப்போகாம ஊர்க்களம்னு சேத்தே எழுதுங்க.